தேர்த்துகளும் பங்குக் கணக்கும்

விருத்தாசலத்தில் முந்திரி என்ற சொல்லைக் கேட்டதும் செம்மண் மேட்டில் கிளை தாழ்ந்து படர்ந்த தோப்புகளே நம் கண்முன் வரும். இவ்வூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் தந்த வி.ஆர்.ஐ. 3 என்னும் முந்திரி இரகத்தைச் சுற்றுவட்டாரத்து உழவர்கள் நன்கறிவர். ஆயின் நம் பாட்டன்மார் மணலில் விரல் தோய்த்து எழுதிப் பயின்ற திண்ணைப் பள்ளியில் இதே சொல் வேறொரு பொருளைத் தாங்கி நின்றது. ஒன்றை முந்நூற்றிருபது கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு முந்திரி. கொட்டையின் பெயரும் கூற்றின் பெயரும் ஒன்றாயிருப்பது ஏன் என்னும் ஆராய்ச்சியைச் சொற்பிறப்பு அறிஞர்களிடம் விட்டுவிட்டு, அந்தச் சிறு கூற்றுக்கும் கீழே இறங்கிச் செல்லும் ஏணியின் கடைசிப் படியில் நிற்கும் ஒரு பேரெண்ணைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

தமிழ்ப் பின்ன வாய்பாட்டின் மேற்படிகள் முதியோர்க்கு இன்றும் நாவில் உள்ளவை. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்குவது ஒரு வழி. மாகாணி பதினாறில் ஒன்று, அதற்கே வீசம் என்றும் பெயர். இருபதில் ஒன்றாகிய மா, நாற்பதில் ஒன்றாகிய அரைமா, எண்பதில் ஒன்றாகிய காணி, நூற்றறுபதில் ஒன்றாகிய அரைக்காணி என இறங்குவது மற்றொரு வழி. இவ்விரு வழிகளும் முந்திரியில் சந்திக்கின்றன. 320 என்னும் எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் கிடைக்கும். அதனால்தான் பதினாறும் இருபதும் எண்பதும் மீதியின்றி அதனுள் அடங்குகின்றன. கல்லாப்பெட்டிக் கணக்கிற்கும் களத்துமேட்டுக் கணக்கிற்கும் இது போதுமானதாக இருந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் நாணயம் தசம முறைக்கு மாறும் வரை, ரூபாயில் வீசம் ஓர் அணாவாகவும் கால் நாலணாவாகவும் இருந்தமையால் வாய்பாடும் சட்டைப்பையும் ஒரே மொழி பேசின.

முந்திரிக்குக் கீழே வரும் படிகள்தாம் பலருக்கும் புதியவை. முந்திரியை மீண்டும் முந்நூற்றிருபது கூறிட்டால் கீழ்முந்திரி. அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே எண்சுவடி மரபு சொல்லும் வாய்பாடு இது: 21 இம்மி கொண்டது ஒரு கீழ்முந்திரி, 11 மும்மி ஓர் இம்மி, 7 அணு ஒரு மும்மி, 9 குணம் ஓர் அணு, 5 பந்தம் ஒரு குணம், 6 பாகம் ஒரு பந்தம், 7 விந்தம் ஒரு பாகம், 17 நாகவிந்தம் ஒரு விந்தம், 14 சிந்தை ஒரு நாகவிந்தம், 20 கதிர்முனை ஒரு சிந்தை, 40 குரல்வளைப்பிடி ஒரு கதிர்முனை, 60 வெள்ளம் ஒரு குரல்வளைப்பிடி, 100 நுண்மணல் ஒரு வெள்ளம், ஆறரைத் தேர்த்துகள் ஒரு நுண்மணல். தேர் ஓடுகையில் எழும் தூசின் பெயரோடு ஏணி முடிகிறது. அடி முதல் முடி வரை இப்பெருக்கங்களை எல்லாம் பெருக்கினால், ஒன்றில் எத்தனை தேர்த்துகள் உள்ளன என்பது கிடைக்கும். அந்த எண் 2323824530227200000000. இருபத்திரண்டு இலக்கங்கள். நொடிக்கு ஒன்றாக எண்ணினால் எண்ணி முடிக்க 73 இலட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேலாகும்.

இந்த எண்ணை மேடைகளில் கேட்காத தமிழன்பர் குறைவு. விழா மலர்களில் பெட்டிச் செய்தியாகவும், கைபேசிகளில் சுற்றும் செய்தியாகவும் இது வந்துகொண்டே இருக்கிறது. அங்கெல்லாம் இதற்குத் தரப்படும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றே: இன்றைய அறிவியல் நேற்றுக் கண்டறிந்த நானோ அளவையும் அதனினும் நுண்ணிய அளவையும் தமிழன் அன்றே அளந்து பெயரிட்டுவிட்டான் என்பதே அது. கைதட்டல் எழுகிறது, கூட்டம் கலைகிறது. அந்த எண்ணை எவரேனும் வகுத்துப் பார்த்தார்களா என்றால் இல்லை. நாம் வகுத்துப் பார்ப்போம். இருபத்திரண்டு இலக்கத்தை முழுமையாகக் காட்டாமல் சாதாரணக் கணிப்பான் கைவிரித்துவிடும். தாளும் பென்சிலும் போதும்.

முதலில் அதன் உள்ளமைப்பு. இந்த எண்ணில் இரண்டு இருபத்திரண்டு முறையும், மூன்று ஐந்து முறையும், ஐந்து எட்டு முறையும், ஏழு நான்கு முறையும், பதினொன்றும் பதின்மூன்றும் பதினேழும் ஒவ்வொரு முறையும் காரணிகளாக வருகின்றன. வேறு பகா எண் எதுவும் இல்லை. அதாவது 2, 3, 5, 7, 11, 13, 17 எனப் பகா எண் வரிசையின் முதல் ஏழும் ஒன்றும் விடுபடாமல் வந்துள்ளன. எட்டாவது ஆகிய 19 இல்லை. ஆகவே 1 முதல் 18 வரை எந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடும். 19ஆல் வகுபடாது. இருபத்தொன்றாலும் இருபத்திரண்டாலும் மீண்டும் வகுபடும். 23இல் மறுபடி நின்றுவிடும். அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள், ஒன்றும் தானும் உட்பட, 49,680 ஆகும்.

இதில் பதின்மூன்று நுழைந்த வழி சுவையானது. வாய்பாட்டில் எங்கும் பதின்மூன்று என்னும் சொல்லே இல்லை. ஆறரை என்று ஒரே ஓரிடத்தில் வருகிறது. ஆறரை என்பது பதின்மூன்றில் பாதி. அந்த அரை, இரண்டின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துப் பதின்மூன்றை உள்ளே கொண்டுவந்து விட்டது.

ஏழு பகா எண்களும் வரிசையாக அமைந்ததைக் கண்டு உடனே மறைபொருள் தேடக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணில் இயைபு காண்பது எளிது. பழமலை எனப்படும் விருத்தாசலத்துக் கோயிலில் ஆகமங்களின் பெயரால் இருபத்தெட்டு இலிங்கங்கள் உள்ளன. 28 என்பது தன் காரணிகளாகிய 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்கு நிகரான நிறைவெண். அரபு எழுத்துகளும் இருபத்தெட்டே. இம்மூன்றையும் கோத்து ஒரு சொற்பொழிவே ஆற்றிவிடலாம். ஆயினும் அவை ஒன்றையொன்று அறியாதவை. அதனால் நம் பேரெண்ணைப் பற்றியும், அது தன் உள்ளமைப்பால் உறுதியாகக் காட்டுவதை மட்டுமே கொள்வோம்.

அது உறுதியாகக் காட்டும் முதற்செய்தி, நாம் பெருமையோடு அச்சிடும் பட்டியல்கள் பிழையுடையவை என்பதே. பரவலாக வழங்கும் பட்டியலில் கதிர்முனை என்பதன் கீழ் 489631109120000 என்றும், குரல்வளைப்பிடி என்பதன் கீழ் 9585244364800000 என்றும் காணப்படும். இவ்விரண்டும் தவறு என்று அறிய ஏட்டுச்சுவடி வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும். அணுவிலிருந்து குணத்திற்கு இறங்கும்போது ஒன்பதால் பெருக்கிவிட்டோம். எனவே குணத்திற்குக் கீழுள்ள படிகளின் எண்கள் எல்லாம் ஒன்பதால் வகுபட்டே தீரவேண்டும். ஒன்பதால் வகுபடும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் அத்தொகையும் ஒன்பதால் வகுபடும். அச்சிட்ட கதிர்முனையின் இலக்கங்களைக் கூட்டினால் 44 வருகிறது, ஒன்று குறைகிறது. அச்சிட்ட குரல்வளைப்பிடியின் இலக்கங்களைக் கூட்டினால் 58 வருகிறது. 63 ஆவதற்கு ஐந்து குறைகிறது. இப்போது வாய்பாட்டின்படி நாமே பெருக்கிப் பார்த்தால், சிந்தையின் எண்ணாகிய 74481555456000ஐ இருபதால் பெருக்க 1489631109120000 கிடைக்கிறது. அதனை நாற்பதால் பெருக்க 59585244364800000 கிடைக்கிறது. முன்னதில் தலையிலிருந்த 1 விழுந்துவிட்டது. பின்னதில் தலையிலிருந்த 5 விழுந்துவிட்டது. விழுந்த இலக்கம் எது என்பதை அவ்வெண்களின் கூட்டுத்தொகையே நமக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டது.

இன்னொரு சான்றும் உண்டு. இம்மியிலிருந்து மும்மிக்கு இறங்குகையில் பதினொன்றால் பெருக்குகிறோம். எனவே அதன் பின்வரும் எண்கள் அனைத்தும் பதினொன்றால் வகுபட வேண்டும். இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டியும் கழித்தும் வந்தால் விடை சுழியாகவோ பதினொன்றின் மடங்காகவோ இருப்பது அதற்கு அடையாளம். பிழையான கதிர்முனையில் 12 வருகிறது, பிழையான குரல்வளைப்பிடியில் 16 வருகிறது. திருத்திய இரண்டிலும் குறி நீங்கலாகப் பதினொன்றே வருகிறது. கடைசிப் படியாகிய தேர்த்துகளின் எண்ணையும் இவ்வாறு சோதித்தால் இலக்கங்களின் கூட்டல் 45, மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் 11. அது பிழையின்றி வந்து சேர்ந்திருக்கிறது. நடுவில் இருவர் கால் இடறியும் இறுதி எண் இடறாததைக் காணும்போது, பட்டியலை முதலில் ஆக்கியவர் முறையாகப் பெருக்கியவர் என்பதும், இடையில் எடுத்தெழுதியவர்கள் பெருக்காமலே எழுதினர் என்பதும் தெளிவாகின்றன.

மூன்றாவது பிழை வேறு வகையானது. இம்மிக்கு 1075200 என்று அச்சிடுவர். கீழ்முந்திரியின் 102400ஐ இருபத்தொன்றால் பெருக்கினால் வருவது 2150400. அச்சிட்டது அதில் சரிபாதி. இங்கே இலக்கம் எதுவும் உதிரவில்லை. ஒன்பதின் சோதனையும் இதனைப் பிடிக்காது. மேற்படியால் வகுத்துப் பார்ப்பவருக்கே பத்தரை என்னும் ஒவ்வாத விடை கிடைத்து ஐயம் எழும். ஒரு சோதனை எதைப் பிடிக்கும், எதைத் தப்பவிடும் என்று அறிவதும் கணக்கறிவின் பகுதியே. சுழியோ ஒன்பதோ விழுந்திருந்தாலும் ஒன்பதின் சோதனை வாய் திறந்திராது.

ஒன்பதை நீக்கிச் சரிபார்க்கும் இம்முறை அரபுக் கணித நூல்களில் மீஸான் என்னும் பெயரால் வழங்கியது. மீஸான் என்றால் தராசு. வணிகனின் தட்டுகளுக்கும் மறுமையின் கேள்விக்கணக்கிற்கும் உரிய சொல்லை ஒரு பெருக்கல் சோதனைக்கு இட்ட அவர்தம் மனப்பான்மையை எண்ணிப் பார்க்கிறோம். எண்ணை எழுதுவோன் அதன் நிறையையும் காட்டக் கடமைப்பட்டவன் என்பதே அப்பெயரின் உட்கிடை என்று நாம் கொள்கிறோம்.

இவ்வூர்ப் பீங்கான் தொழிலாளர்க்கு இது நன்கு விளங்கும். களிமண்ணும் குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும் எத்தனைக்கு எத்தனை என்ற கலவைக் குறிப்பில் ஓரிலக்கம் விழுந்துவிட்டால், அது தவறு என்று எவரும் வாதாட வேண்டுவதில்லை. சூளை திறக்கும் அன்று பொம்மை விரிசலிட்டும் மெருகு வழிந்தும் தானே சொல்லிவிடும். அச்சுத் தாளுக்குச் சூளை இல்லை. அதில் விழுந்த இலக்கம் விழுந்தபடியே பத்து மலர்களுக்கும் நூறு மேடைகளுக்கும் போய்ச் சேருகிறது. நம் தமிழ்த்துறைகளில் சுவடிப் பாடத்தை ஒப்புநோக்கி ஓர் எழுத்துக்காக நாட்கணக்கில் வாதிடுகிறோம். ரகரமா றகரமா என்று உறக்கம் துறக்கிறோம். எண் வந்துவிட்டால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தெழுதுகிறோம். எண்ணும் எழுத்தும் கண்ணெனப் போற்றும் மரபில் வந்தவர்களுக்கு ஒரு கண்ணில் மட்டும் ஏன் இந்தப் புரை என்று கேட்கத் தோன்றுகிறது.

பெரியோர் பட்டியலிலும் விடுபாடு நேர்வதுண்டு. 1910இல் வேலை தேடி அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூருக்குத் தம் கணக்கேடுகளோடு வந்து, அங்கே துணை ஆட்சியராயிருந்த வி. இராமசாமி ஐயரைக் கண்ட இளைஞர் இராமானுசன், ஐந்தாண்டுகள் கழித்து 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் காரணிகள் மிகுந்த எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். தன்னினும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட எண்களே அவர் எடுத்துக்கொண்டவை. அவருடைய அட்டவணை 10,080 காரணிகளுடைய 6746328388800 வரை செல்கிறது. அதில் 293318625600 என்னும் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அதற்கு 5,040 காரணிகள். பிற்காலத்தார் அதனைக் கண்டு சேர்த்தனர். அவ்விடுபாட்டால் இராமானுசன் புகழ் இம்மியும் குறையவில்லை. சரிபார்த்தவர்களுக்கும் எவரும் துரோகப் பட்டம் சூட்டவில்லை. தமிழ்ப் பட்டியலைச் சரிபார்க்கத் துணிபவருக்கு நம் மேடைகளில் அத்தகைய வரவேற்புக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

இராமானுசன் வகுத்த அந்த இனத்தில் நம் தேர்த்துகள் எண் சேராது என்பதையும் கூறிவிடுவோம். அவ்வினத்து எண்களில் சிறிய பகா எண் பெரியதைவிடக் குறைவான முறை வருவதில்லை. நம் எண்ணிலோ மூன்று ஐந்து முறையும் ஐந்து எட்டு முறையும் வருகின்றன. இவ்விரண்டையும் இடம் மாற்றி, மூன்றை எட்டு முறையும் ஐந்தை ஐந்து முறையும் வைத்தால், அதே 49,680 காரணிகளுடன் ஏறத்தாழ நாலரை மடங்கு சிறிய எண்ணே கிடைத்துவிடும். ஆகவே காரணிகளைக் கூட்டும் நோக்கத்தோடு மட்டும் இவ்வேணி கட்டப்படவில்லை. ஐந்து மிகுந்ததற்குக் காரணம் மாவும் காணியும் இருபதும் நூறுமாகிய வழக்குகளே. எண்ணின் உடம்பில் வாழ்க்கையின் தழும்பு தெரிகிறது.

இனி, அளவை என்னும் கூற்றுக்கு வருவோம். தேர்த்துகள் இத்தனை நானோமீட்டர் என்று எழுதுவோர், எதனுடைய தேர்த்துகள் என்று கேட்க மறக்கின்றனர். கால், அரை என்பன போல இவையும் பின்னங்கள். பின்னத்திற்கு நீளமும் இல்லை, எடையும் இல்லை. ஒரு ரூபாயின் தேர்த்துகள் எத்தனை நானோமீட்டர் என்று கேட்டால் கேள்வியின் பேதைமை விளங்கும்.

மெய்யான வழக்கில் நுண்பின்னம் எவ்வாறு பயன்பட்டது என்பதற்குக் கல்லிலேயே சான்றுண்டு. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் நிலம் ஒரு வேலியின் 52,42,88,00,000இல் ஒரு பங்கு வரை கணக்கிடப்பட்டுள்ளது என்பது வரலாற்று மாணவர் அறிந்ததே. தஞ்சை வழக்கில் வேலி என்பது ஏறத்தாழ 6.67 ஏக்கர். அந்த அளவைக் கொண்டு பார்த்தால் ஒரு வேலியின் கீழ்முந்திரி மூன்று சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. ஒருவர் சம்மணமிட்டு அமரும் இடம். கல்வெட்டின் அந்தக் கடைசிப் பின்னமோ ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். எந்த அளவுகோலாலும் எந்த வயலிலும் அதை அளந்திருக்க இயலாது. வாய்க்கால், இடுகாடு முதலிய இறையிலி நிலங்களைக் கழித்தும் பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கியும் செல்கையில் மீந்து நின்ற கணக்கை, கணக்கன் தள்ளிவிடாமல் கல்லில் ஏற்றினான். கருவியின் நுட்பத்தை இது காட்டவில்லை. கணக்கனின் நேர்மையைக் காட்டுகிறது. நம் பார்வையில் முன்னதைவிடப் பின்னதே பெரிய பெருமை.

அந்தக் கல்வெட்டு எண்ணையும் பிரித்துப் பார்த்தோம். இருபத்துநான்கு இரண்டுகளும் ஐந்து ஐந்துகளும் மட்டுமே அதில் உள்ளன. மூன்று இல்லை, ஏழு இல்லை, பதினொன்று இல்லை. அஃதாவது சோழர் நிலக்கணக்கு முழுவதும் முந்திரி, கீழ்முந்திரி, அதன் கீழ்முந்திரி என்று 320இன் வழியிலேயே இறங்கியிருக்கிறது. இம்மி முதல் தேர்த்துகள் வரையுள்ள வாய்பாட்டின் வழி வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதி, தஞ்சைக் கல்வெட்டைக் காட்டித் தேர்த்துகளுக்குச் சான்று கூறுவது பொருந்தாது. எண்களின் காரணிகளே அவ்விரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

அப்படியானால் அக்கீழ்ப்படிகள் எதற்காக? இங்கே நாம் கூறுவது எங்கள் கருத்து. ஏற்பதும் மறுப்பதும் அறிஞர் உரிமை. 320இன் வழியில் எவ்வளவு ஆழம் இறங்கினாலும் ஒன்றை மூன்றாகப் பிரிக்க இயலாது. மூன்றில் ஒன்று என்பது 106 முந்திரி போக முந்திரியில் மூன்றில் இரண்டு மீதம். கீழ்முந்திரிக்குப் போனாலும் கீழ்முந்திரியில் மூன்றில் ஒன்று மீதம். வெள்ளையர் கால ரூபாயில் 192 தம்படி இருந்தமையால் மூவர்க்கு ஆளுக்கு 64 தம்படியாகக் கொடுத்துவிடலாம். இன்றைய நூறு காசை அவ்வாறு கொடுக்க முடியாது. 320உம் நூறும் இவ்வகையில் ஓரினம். இம்மிக்கு இறங்கிய மறுகணம் நிலைமை மாறுகிறது. இருபத்தொன்று என்பது மும்முறை ஏழு. ஒரே படியில் மூன்றும் ஏழும் சேர்ந்து கிடைக்கின்றன. மூன்றில் ஒன்று 7,16,800 இம்மி, ஏழில் ஒன்று 3,07,200 இம்மி, மீதமே இல்லை. மும்மி பதினொன்றைத் தருகிறது. நாகவிந்தம் பதினேழைத் தருகிறது. தேர்த்துகள் பதின்மூன்றைத் தருகிறது. மேற்படிகளில் இல்லாத பகா எண்களைக் கீழ்ப்படிகள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்க்கின்றன. துகளை அளப்பதற்கன்று, எத்தனை பேர் வந்து நின்றாலும் மீதியின்றிப் பங்கிடுவதற்கே இவ்வேணி ஏற்பட்டிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

பங்கிடுதல் என்றதும் நம் சமுதாயப் பெரியோர்க்கு ஃபராயிள் நினைவுக்கு வரும். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் வாரிசுகளுக்கு வகுத்துள்ள பங்குகள் அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகியவை. இவற்றில் முதல் மூன்றும் தமிழ் வாய்பாட்டின் மேற்படிகளில் அப்படியே உள்ளன. பின் மூன்றும் முந்திரிக்கோ கீழ்முந்திரிக்கோ அடங்கமாட்டா. அனைத்தையும் அடக்கும் மிகச்சிறிய எண் 24. அல்-குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதிய அல்ஜப்ர் நூலின் பெரும்பகுதி மரண சாசனம், வாரிசுப் பங்கு ஆகியவற்றின் கணக்கே என்பதை நம் கணிதத்துறை மாணவரும் அறிந்திருத்தல் நலம். உலகம் பின்னர் இயற்கணிதம் என்று போற்றிய கலை, ஒரு குடும்பத்தின் கண்ணீர் காயுமுன் அவரவர் உரிமையை அவரவர்க்குப் பிரித்துத் தரும் வேலையிலும் கைபழகி வளர்ந்தது.

ஆலிம் பெருமக்கள் எடுத்துரைக்கும் மிம்பரிய்யா வழக்கை இங்கே நினைவூட்டலாம். ஒருவர் மனைவியையும் தாய் தந்தையரையும் இரு பெண்மக்களையும் விட்டு இறக்கிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒவ்வொன்று, பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு. இருபத்துநான்கு கூறாக்கிப் பார்த்தால் 3, 4, 4, 16, கூட்டினால் 27. இருப்பதோ 24. ஹள்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றவாறே இதற்கு விடை பகர்ந்ததாக மரபு. 24 கூற்றை 27 கூறாக்கி, ஒவ்வொருவர் பங்கையும் அதே வீதத்தில் குறைப்பதே அவ்ல் எனப்படும் அம்முறை. மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிறது. ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் இதனை ஏற்கின்றன.

இவ்விருபத்தேழைத் தமிழ் ஏணியில் எங்கே வைப்பது? இம்மியில் மூன்று ஒரே முறைதான் வருகிறது. 27க்கு மும்முறை வேண்டும். மும்மி, அணு ஆகியவற்றிலும் அதே குறை. குணத்திற்கு இறங்கினால் ஒன்பது வந்து சேர்ந்து குறை தீர்கிறது. ஒன்றில் உள்ள குணங்கள் 1490227200. அதை 27ஆல் வகுக்க 55193600 மீதியின்றிக் கிடைக்கிறது. அம்மனைவியின் ஒன்பதில் ஒன்று பின்னொரு காலத்தில் எழுவரிடையே சமமாகப் பிரிய நேர்ந்தால் 63இல் ஒன்று வேண்டும். அது சரியாக 23654400 குணம். ஒன்றில் எத்தனை மும்மி உண்டோ அதே எண்! ஏழும் ஒன்பதும் பெருகினால் 63 என்பதால் அவ்வாறு அமைகிறது. திண்ணைப் பள்ளிக் கணக்காயர் ஃபராயிளை மனத்தில் கொண்டு வாய்பாடு கட்டினார் என்று நாம் கூறவில்லை. பங்கிடும் தேவை எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் மனிதர் மூன்றையும் ஏழையும் தேடிப் போயிருக்கிறார்கள் என்றே கூறுகிறோம்.

இதற்கு மறுப்பும் உண்டு. வெள்ளம், சிந்தை, குரல்வளை என்னும் பெயர்களைப் பார்த்தால் இது புலவர் கற்பனை போலத் தோன்றுகிறதே, எந்தக் கணக்கன் நாகவிந்தம் வரை இறங்கிப் பங்கு போட்டான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இருபது, நாற்பது, அறுபது, நூறு என்னும் பிற்படிகள் புதிய பகா எண் எதையும் தரவில்லை. அவை நீளத்துக்காகவே சேர்ந்தன போலும். ஆகவே இம்மி முதல் குணம் வரை நடைமுறைக்கும், அதற்குக் கீழே பெரும்பாலும் அறிவு விளையாட்டுக்கும் உரியவை என்று கொள்வதே நடுநிலை என நமக்குப் படுகிறது. விளையாட்டிலும் கணக்குத் தப்பாமல் இருந்தது என்பதை முன்னரே கண்டோம்.

எங்கள் வேண்டுகோள் சிறியது. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் அச்சிட்டுத் தந்திருக்கிறது. அதனைத் தமிழ்த்துறை மாணவரும் கணிதத்துறை மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து படிக்கட்டும். வகுப்பறை வேறு, கட்டடம் வேறு என்பதால் அறிவும் வேறாகிவிடவில்லை. இனி மலர்க்குழுவினர் எவரேனும் இந்தப் பின்னப் பட்டியலை அச்சுக்கு அனுப்பினால், ஒவ்வொரு படியையும் மேற்படியால் வகுத்து விடையைப் பக்கத்தில் குறித்த பின்னரே அனுப்புவது என்று விதி செய்யலாம். பதினைந்து வகுத்தல்கள், ஒரு மாலைப்பொழுது போதும். ஊர்ப் பெரியோர் வீசமும் மாகாணியும் வைத்துத் தாம் போட்ட பாகப்பிரிவினைக் கணக்குகளை இருக்கும்போதே இளையோர்க்குச் சொல்லிவைத்தால், நூலில் இல்லாத வழக்குகளும் கிடைக்கும்.

மாணவர்க்கு ஒரு கணக்கையும் விட்டுவைக்கிறோம். பதினெட்டு வாரிசுகள் வரை இவ்வேணி எவரையும் கைவிடாது. பத்தொன்பதாமவர் வந்து சேர்ந்தால் தேர்த்துகள் வரை இறங்கியும் மீதம் நிற்கும். அம்மீதம் எத்தனை தேர்த்துகள் என்பதை, இருபத்திரண்டு இலக்கங்களையும் எழுதிவைத்து, பத்தொன்பதால் கையாலேயே வகுத்துக் கண்டு, பெருக்கிச் சரிபார்த்து, அடுத்த மலருக்கு அனுப்புக.